நான் மினுக்கிய பதினொரு முத்திரைகள்

பிள்ளை,

கோபத்தோடுதான் எழுதுகிறேன். கோபம் ஆறிய பிறகு எழுதுங்கள் என்று அம்மா சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீ கதவை அடித்துச் சாத்திவிட்டு சூரிச்சுக்கு ரயில் ஏறினாய். இன்றைக்குப் புதன். மூன்று நாளாக இந்த வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்து பார்த்துவிட்டேன், ஆறுகிற மாதிரித் தெரியவில்லை. நீ விட்டுப்போன தாள் இன்னும் சாப்பாட்டு மேசையில் அதே இடத்தில் கிடக்கிறது, அதன் மேல் நீ வைத்த பேனையும். அம்மா அதைத் தொடவும் மாட்டேன் என்கிறாள், எடுத்து வைக்கவும் மாட்டேன் என்கிறாள். சோற்றுக் கோப்பைகளை அதைச் சுற்றிச் சுற்றி வைக்கிறாள். பூனை படுத்திருக்கும் மேசையில் சாப்பிடுவது போல நாங்கள் இரண்டு பேரும் ஒதுங்கி ஒதுங்கிச் சாப்பிடுகிறோம்.

அந்தத் தாளை நான்கு தரம் வாசித்தேன். என் ஜெர்மன் குசினியில் பழகின ஜெர்மன், ஆனாலும் விளங்கியது. சூக் ஏரிக்கு மேலே மலைச்சரிவில் இருந்த வீட்டில் நான் பல வருடம் துப்புரவு வேலை செய்ததாகவும், அந்த வீட்டுக்காரரின் மேசை லாச்சியில் பழைய பாரசீகத்துக் கல் முத்திரைகள் பன்னிரண்டையும் என் கண்ணால் கண்டதாகவும், அது எனக்குத் தெளிவாக நினைவிருப்பதாகவும் எழுதியிருக்கிறாய். கீழே என் பெயர், பிறந்த திகதி, கையெழுத்துக்கு ஒரு கோடு. எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. நான் கண்டது பதினொன்று என்பது ஒன்றுதான் குறை. அதைச் சொன்னவுடன் நீ முகத்தைச் சுளித்தாய்.

"அப்பா, பதினொண்டோ பன்னிரண்டோ, ஆருக்குத் தெரியும்? எவ்வளவு காலத்துக்கு முந்தின கதை. உங்களுக்கும் வயசு போட்டுது."

"வயசு போனது என்ரை முழங்காலுக்கு. எண்ணுறதுக்கு இல்லை."

"எல்லா இடத்திலையும் இப்பிடித்தான் எழுதி வாங்கிறவை. நான் என்ன கொலையோ செய்யச் சொல்லுறன்?"

"பிள்ளையோடை ஏன் கொளுவுறியள்? சோறு ஆறுது," என்றாள் அம்மா. நீ சாப்பிடாமலே எழும்பிப் போனாய். கணவாய்க் கறி உனக்காகத்தான் வைத்தது. அதை இரண்டு நாள் நானே சாப்பிட்டேன், அதுவும் கோபத்தோடு.

உன் பக்கத்து நியாயம் எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. அந்த வீட்டுக்காரரை, நான் எப்போதும் ஹெர் டொக்டர் என்று கூப்பிட்ட மனிதரை, அடக்கம் செய்தபோது நானும் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு பின்வரிசையில் நின்றேன். இப்போது அவருடைய தங்கை மகன் லாச்சியில் இருந்தவற்றை விற்பதற்கு உன் முதலாளியின் பழம்பொருள் நிலையத்துக்குக் கொண்டுவந்திருக்கிறான். கொண்டுவந்தது பன்னிரண்டு. கிழவர் எழுதி வைத்த பட்டியல் எதுவும் இல்லை. வாங்குகிறவர்களோ இந்தக் காலத்தில் ஒவ்வொரு கல்லும் எங்கிருந்தது, எவ்வளவு காலமாக இருந்தது என்று கேட்கிறார்கள். அப்போதுதான் உன் முதலாளிக்கு நீ எப்போதோ சொன்னது நினைவு வந்திருக்கிறது, புதிதாகச் சேர்ந்த தமிழ்ப் பெட்டையின் தகப்பன் அந்த வீட்டுத் தரை துடைத்தவன் என்று. உன் புரோபேசைட், வேலையில் உன்னைச் சோதித்துப் பார்க்கும் காலம், இந்த மாதக் கடைசியில் முடிகிறது. கையெழுத்து வந்தால் வேலை நிரந்தரம், வராவிட்டால் அவர் வாயால் ஒன்றும் சொல்லமாட்டார், ஒரு கடிதம் மட்டும் வரும். இதை நீ எனக்குச் சொல்லவில்லை. அம்மாவுக்குச் சொன்னாய், அம்மா எனக்குச் சொன்னாள். இந்த வீட்டில் எது நேரே வந்திருக்கிறது?

எனக்கு எரிச்சல் எங்கே வருகிறது தெரியுமா? உன்னை இந்தக் கற்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்ததே நான்தான். ஒரு நாள் ஹெர் டொக்டர் என்னைக் கூப்பிட்டு, தூசு உறிஞ்சியை நிறுத்தச் சொல்லி, என் சின்னவிரலின் பாதி நீளம்கூட இல்லாத ஒரு கல்லை உள்ளங்கையில் வைத்தார். உருளை வடிவம், நடுவில் நீளத்துக்குத் துளை. மணிமாலையில் இருந்து கழன்ற மணி என்றுதான் நினைத்தேன். அவர் ஈரக் களிமண் துண்டு ஒன்றைத் தட்டையாக்கி அதன் மேல் அந்தக் கல்லை உருட்டினார். உருண்டு போன வழியெல்லாம் ஒரு ராசா நின்றான், இரண்டு கையிலும் இரண்டு சிங்கத்தைப் பிடித்துக்கொண்டு. இன்னும் உருட்ட அதே ராசா, அதே சிங்கங்கள். என் வாய் மூட மறந்தது. அந்தக் களித்துண்டை அவர் எனக்கே தந்தார். மாஜரீன் டப்பாவில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். உனக்கு அப்போது ஆறு வயது. சிங்கம் உருகிவிடும் என்று நீ அதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தாய், அம்மா தயிர் எடுக்கப்போய்க் கத்தினாள். பிறகு பேர்னில் நீ தொல்லியல் படிக்கப்போகிறேன் என்றபோது சொந்தக்காரர் எல்லாரும் என்னைத்தான் ஏசினார்கள். பிள்ளையைப் பல் வைத்தியத்துக்கு அனுப்பாமல் மண் கிண்ட விட்டுவிட்டாய் என்றார்கள். நான் சிரித்துக்கொண்டு நின்றேன். உள்ளுக்குள் அவ்வளவு பெருமை எனக்கு.

இனி, பதினொன்று என்று நான் ஏன் அடித்துச் சொல்கிறேன் என்பதைக் கேள். இதை நான் அம்மாவுக்கும் இந்த ஞாயிறு பின்னேரம்தான் சொன்னேன். அதுவரை யாருக்கும் சொன்னதில்லை.

ஹெர் டொக்டர் கண் சத்திரசிகிச்சைக்காக ஒரு கிழமை வீட்டில் இல்லை. அது எங்கள் கோயில் திருவிழாவுக்கு முந்திய கிழமை. அந்த நாட்களில் கோயில் குத்துவிளக்குகளை மினுக்குவது என் பொறுப்பு. என்னைப் போல் மினுக்க ஆள் இல்லை என்று ஐயரே சொல்வார், அந்தப் புகழ் எனக்குத் தலைக்கு ஏறியிருந்தது. வேலை முடித்து நேரே கோயிலுக்குப் போவதற்காகப் பழப்புளி, தேசிக்காய், ஒரு கட்டுத் திரிநூல் எல்லாம் பையில் இருந்தன. லாச்சிப் பூட்டில் திறப்பு அப்படியே தொங்கியது. தூசு தட்டத் திறந்தேன். கற்கள் எல்லாம் மங்கிப்போய், பள்ளங்களில் அழுக்கு ஏறிக் கிடந்தன. மனிதர் புதுக் கண்ணோடு வரப்போகிறார், இதையும் பளிச்சென்று பார்க்கட்டுமே என்று நினைத்தேன். நினைத்தது நல்லதுக்குத்தான். அவருக்கு ஒரு சந்தோசம் கொடுக்கவேண்டும், அதோடு என் கைத்திறமையும் தெரியவேண்டும். இரண்டும் இருந்தது.

குசினியில் பத்து முட்டை வைக்கும் வெறும் காகிதப் பெட்டி ஒன்று இருந்தது. ஒவ்வொரு கல்லாகப் புளியும் தேசிக்காய்ச் சாறும் போட்டுத் தேய்த்து, கழுவி, துளைக்குள் திரிநூலை விட்டு இரண்டு பக்கமும் இழுத்துத் துடைத்து, ஒரு குழிக்கு ஒன்றாக அந்தப் பெட்டியில் வைத்தேன். பத்துக் குழியும் நிரம்பிவிட்டது. பதினோராவது ஒரு வெள்ளைக் கல். வைக்க இடம் இல்லை. சரி, இது கொஞ்சம் ஊறட்டும், இதில்தான் அழுக்குக் கூட என்று புளித்தண்ணீர்க் கிண்ணத்துக்குள் போட்டுவிட்டு மேல்மாடி தூசு உறிஞ்சப் போனேன். போனவன் மறந்துவிட்டேன். இரண்டு மணித்தியாலம் கழித்து வந்து எடுத்தபோது, நெருப்பு மேடைக்கு இரண்டு பக்கமும் நின்ற இரண்டு மனிதருக்கும் முகம் இல்லை. உடுப்பு மடிப்பு இல்லை. மேடை மட்டும் வீங்கின மாதிரி நின்றது. மற்றக் கற்கள் வைரம் பாய்ந்தவை, புளி அவற்றை ஒன்றும் செய்யவில்லை. இது சுண்ணாம்புச் சாதிக் கல் என்று நீ பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வந்து வேறு எதற்கோ சொன்னாய். அன்றைக்கு நான் ஏன் எழும்பிப் பல்கனிக்குப் போனேன் என்று உனக்கு இப்போது விளங்கும்.

எல்லாவற்றையும் துடைத்து இருந்த இடத்தில் வைத்துப் பூட்டினேன். ஹெர் டொக்டர் வந்தார். லாச்சியைத் திறந்து பார்த்து, கண் எவ்வளவு தெளிவாகிவிட்டது பார், கற்கள் எல்லாம் மின்னுகின்றன என்று வைத்தியரைப் புகழ்ந்தார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு விருந்தாளிக்காக அந்த வெள்ளைக் கல்லைக் களியில் உருட்டினார். முகம் இல்லாத இரண்டு பேர் வந்தார்கள். திரும்பவும் உருட்டினார். பிறகு எங்களைக் கூப்பிட்டார். எங்களை என்றால் என்னையும் மரியாவையும். மரியா போர்த்துக்கல்காரி, உடுப்பு மினுக்கவும் குளியலறை கழுவவும் செவ்வாய்க்கிழமை வருகிறவள். யார் இதைத் தொட்டது என்று கேட்டார். தெரியாது என்றேன். அவளும் தெரியாது என்றாள், அவள் சொன்னது உண்மை. ஆனால் மரியா எதற்கும் வினாகிரி போடுகிறவள். கெட்டில், குழாய், கண்ணாடி, எல்லாவற்றுக்கும். அவர் அவளுடைய வினாகிரிப் போத்தலைப் பார்த்தார். அடுத்த செவ்வாய்க்கிழமையில் இருந்து அவளை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

நான் பேசாமல் இருந்தேன். அப்போது எங்களிடம் இருந்தது எஃப் அட்டை, எந்த நேரமும் திரும்பிப் போ என்று சொல்லக்கூடிய அட்டை. இங்கே தங்க உரிமை தரும் பி அட்டைக்கு விண்ணப்பித்திருந்தோம், அதற்கு ஹெர் டொக்டர் தரும் நற்சான்றுக் கடிதம் தேவையாக இருந்தது. அவர் தந்தார். நேர்மையான மனிதன் என்று அதில் எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தைக் காட்டித்தான் உனக்கும் அம்மாவுக்கும் எனக்கும் அட்டை வாங்கினேன். பல வருடம் கழித்து ரயில் நிலையத்தில் மரியாவைக் கண்டேன். என்னைக் கண்டு சந்தோசப்பட்டு, மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள். அன்றைக்காவது சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. என் ரயில் வருகிறது என்று பொய் சொல்லிக்கொண்டு படியேறினேன். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

எனவே எண்ணிக்கை எனக்குப் பிழைக்காது. வேண்டுமானால் கேள். சிங்கம் பிடிக்கும் ராசா இரண்டு கல்லில். ஒருவன் கழுத்தில் பிடிப்பான், மற்றவன் பின்னங்காலில் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவான். சிறகு வைத்த எருது ஒன்று. குதிரையில் இருந்து பன்றிக்கு ஈட்டி எறிகிறவன் ஒன்று. இரண்டு பேரீச்ச மரத்துக்கு நடுவில் நிற்கிறவன் ஒன்று. மரத்தில் முன்னங்கால் போட்டு நிற்கும் ஆடுகள் ஒன்று. கதிரையில் இருந்து குடிக்கிறவன் ஒன்று, அவனுக்கு நான் சித்தப்பா என்று பெயர் வைத்திருந்தேன், நீயும் சிரித்திருக்கிறாய். ஆணி ஆணியாய் எழுத்து மட்டும் உள்ளது ஒன்று. கோடும் கட்டமும் போட்ட கறுத்தக் குட்டிக் கல் ஒன்று. மேல் பக்கம் உடைந்தது ஒன்று. இவை பத்தும் முட்டைப் பெட்டியில். நான் கெடுத்த வெள்ளைக் கல் பதினொன்று. நீ கைத்தொலைபேசியில் காட்டிய அந்த நீலச் சாம்பல் கல்லை, சிறகு முளைத்த சிங்கங்களை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு ஒருவன் நிற்கும் அந்த வடிவான கல்லை, நான் என் வாழ்நாளில் கண்டதில்லை. கண்டிருந்தால் முதலில் அதைத்தான் தேய்த்திருப்பேன்.

இன்னொன்றும் சொல்கிறேன், இதுதான் எனக்கு உண்மையான கோபம். அந்தப் படத்தை நான் விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். துளையின் வாயில் மண் இறுகிப்போய் இருக்கிறது, மஞ்சள் மண். நான் எல்லாத் துளைக்குள்ளும் திரிநூல் விட்டு இழுத்தவன், நூல் வெள்ளையாக வரும்வரை இழுத்தவன். என் திரி அந்தக் கல்லுக்குள் போயிருந்தால் அந்த மண் அங்கே இருக்காது. சரி, திரியின் கதை உனக்குத் தெரியாது. ஆனால் மண் உனக்குத் தெரியும். பதினொரு கல் துப்புரவாக இருக்க, ஒன்று மட்டும் நேற்றுத் தோண்டி எடுத்த மாதிரி இருப்பதை நீ பார்க்காமல் விட்டிருக்க முடியாது. மண் பார்க்கத்தானே உன்னை இத்தனை வருடம் படிக்க வைத்தார்கள். யாரோ எங்கேயோ அண்மையில் கிண்டி எடுத்த பொருள் அது. அது உனக்குத் தெரிந்துதான் என் முன்னால் பேனையை வைத்தாய். தகப்பன் கிழவன், படிக்காதவன், ஏமாற்றிப் பேய்க்காட்டலாம் என்று நினைத்தாய். அந்த இடத்தில்தான் எனக்கு நெஞ்சு வெடித்தது.

வாசலில் நின்று சப்பாத்துப் போடும்போது நீ சொன்னதையும் நான் மறக்கவில்லை. "பேப்பர் இல்லாட்டி அந்தக் கல்லு ஆரோ ஒருத்தன்ரை லாச்சிக்குள்ளை மறைஞ்சுபோகும், அப்பா. பேப்பர் இருந்தால் ஒரு மியூசியம் வாங்கும், எல்லாரும் பாக்கலாம்." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மியூசியத்தில் அதற்குக் கீழே என்ன எழுதுவார்கள்? சூக்கில் ஒரு வீட்டு லாச்சி என்று எழுதுவார்கள். யாருடைய புதைகுழியில், எந்த ஊரில், யாருடைய எலும்புக்குப் பக்கத்தில் கிடந்தது என்று இனி ஒருவரும் தேடமாட்டார்கள். நான் சாட்சி சொல்லிவிட்டேனே, பிறகு எதற்குத் தேடவேண்டும்? எங்கிருந்து வந்தது என்று தெரியாத கல் பாதி ஊமை என்று இதே வீட்டில் எனக்குப் பாடம் எடுத்தவள் நீ. அந்தக் காலத்து மனிதருக்கு இந்தக் கல்தான் கையெழுத்து, களியில் உருட்டிவிட்டால் அவன் அதற்குப் பொறுப்பு, பிறகு மாற்றிக் கதைக்க ஏலாது என்று சொன்னதும் நீதான். இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் பழைய கையெழுத்தை விற்பதற்கு உன் தகப்பனிடம் பொய்க் கையெழுத்துக் கேட்கிறாயே, உனக்கே சிரிப்பு வரவில்லையா? நீ தாளோடு கொண்டுவந்து காட்டிய உங்கள் விற்பனைப் புத்தகத்தின் மாதிரிப் பக்கத்தில் அந்த வெள்ளைக் கல்லுக்குக் கீழே, பழங்காலத்தில் நெடுநாள் பாவித்துத் தேய்ந்தது என்று போட்டிருக்கிறார்கள். பழங்காலமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை, அது என் பழப்புளி.

உன்னை மட்டும் ஏசி என்ன? உன் பெயரைப் பார்த்தே விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பினவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் நீ தபாலைப் பிரித்துப் பார்த்துவிட்டு அறைக்குள் போவாய். அந்த நேரத்தில் ஆறுதல் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நிரந்தர வேலை எப்போது கிடைக்கும் என்று நானும்தான் வாரத்துக்கு ஒரு தரம் உன்னை நச்சரித்தேன். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாருக்கும், மகள் சூரிச்சில் பெரிய இடத்தில் வேலை என்று நீ சேர்ந்த அன்றே தம்பட்டம் அடித்தேன். நீ அந்தத் தாளோடு வந்து நின்றதில் என் பங்கும் இருக்கிறது. ஆனால் ஒன்றை மட்டும் பட்டவன் என்ற முறையில் சொல்லுகிறேன். வாய் திறக்காமல் காப்பாற்றின வேலையை நான் ஒரு நாளும் நிம்மதியாகச் செய்யவில்லை. ஹெர் டொக்டர் எனக்குக் கோப்பி ஊற்றித் தரும்போதெல்லாம் இன்றைக்குக் கேட்டுவிடுவாரோ என்று நிமிர்ந்து பார்க்காமலே குடிப்பேன். உனக்கு அந்தப் பயம் வேண்டாம். வேலை போனால் வேறு வேலை தேடலாம், அதுவரை இங்கே வந்து இரு. அம்மாவும் நானும் இருக்கிற வீடுதானே.

நீ எழுதின தாளில் நான் கையெழுத்து வைக்கவில்லை, வைக்கப்போவதும் இல்லை. அதை இப்போது மேசையில் இருந்து எடுத்து இந்த உறைக்குள் வைக்கிறேன். அதோடு நான் தமிழில் எழுதின இரண்டு பக்கமும் இருக்கிறது. பதினொரு கல்லையும் ஒவ்வொன்றாக எழுதியிருக்கிறேன். புளியையும், முட்டைப் பெட்டியையும், வெள்ளைக் கல்லை நான் கெடுத்ததையும், மரியாவுக்கு அதில் ஒரு பங்கும் இல்லை என்பதையும் எழுதியிருக்கிறேன். பன்னிரண்டாவதை நான் காணவில்லை என்றும், அதன் துளையில் உள்ள மண்ணைப் பார்க்கும்படியும் எழுதியிருக்கிறேன். சின்ன வயதில் இருந்து இந்த வீட்டுக்கு வந்த அலுவலகக் கடிதம் எல்லாவற்றையும் நீதான் எனக்கு மொழிபெயர்த்தாய், எனக்காகப் பதிலும் எழுதினாய். இதையும் நீதான் ஜெர்மனில் எழுதித் தரவேண்டும், ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல். நீ எழுதினதற்குக் கீழே நான் உடனே கையெழுத்து வைக்கிறேன்.

வருகிற வெள்ளிக்கிழமை வரை பார்த்திருப்பேன். நீ எழுதாவிட்டால் நானே எழுதி எடுத்துக்கொண்டு முதல் ரயிலில் உன் முதலாளியின் வாசலுக்கு வருவேன். என் ஜெர்மனைப் பார்த்து அங்கே இருப்பவர்கள் சிரிப்பார்கள், நீ வெட்கப்படுவாய், ஒரு வரியில் நாலு பிழை இருக்கும். பதினொன்று என்பதை மட்டும் பிழையில்லாமல் எழுதுவேன்.

அப்பா